சீனியின் தட்டு

கட்டில்வரை வந்த பிறகுதான், இடது காலின் செருப்பு கூட வரவில்லை என்பதை யோகேஸ்வரி கவனித்தாள். திரும்பிப் பார்த்தால் அது சமையலறை வாசலில், யாரோ கழற்றி ஒழுங்காக வைத்ததைப்போல, இவளைப் பார்த்தபடி கிடந்தது. சில நாட்களாகவே இப்படித்தான். வார் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். குனிந்து பார்க்கலாம், ஆனால் குனிந்தால் நிமிரவும் வேண்டும். அந்த அலுப்புக்குப் பயந்து, திரும்ப நடந்துபோய், கம்பளிக் காலுறை போட்ட பாதத்தைக் குத்துமதிப்பாக வாருக்குள் செருகிக்கொண்டு வந்தாள்.

அவளால் செருப்பைக் கண்ணால் பார்த்துத்தான் போட முடியும். பாதங்களில் உணர்ச்சி போய் வருஷங்களாகிவிட்டன. ஓய்வுபெறும்வரை பொகவந்தலாவையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால், கால் மரத்துப்போன கதையைக்கூடப் பாடம்போலத்தான் சொல்லுவாள்.

"நரம்பும் கரண்டு வயரும் ஒண்ணுதான் வினோதா. லயத்து வீட்டு வரிசையில கடைசி வீட்டு பல்புதானே மொதல்ல மங்கும்? ஒடம்புல ஆக நீளமான வயர் கால் வெரலுக்குப் போறது. ரத்தத்துல சீனி கூடுனா மொதல்ல அணையிறது அந்தக் கடைசி வீடுதான்."

வினோதா பக்கத்து வீட்டுக்காரி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். "அப்ப ஒங்க கடைசி வீட்டுல ஆளே இல்லன்னு சொல்லுங்க டீச்சர்" என்று சிரித்தாள்.

அது உண்மைதான். கெண்டைக்காலின் பாதிவரைதான் யோகேஸ்வரியுடையது. அதற்குக் கீழே இருந்தவை, அவள் போகும் இடத்துக்கெல்லாம் கூட வருகிற இரண்டு பொருட்கள்.

வீட்டில் சீனி வியாதி இரண்டு பேருக்கு. இரண்டாவது ஆளின் பெயரே சீனி. மகள் கோசலா மெல்பேர்னுக்குப் போகுமுன் குட்டியாக எடுத்து வளர்த்த, சிவப்புச் சீனியின் நிறத்தில் இருக்கும் பூனை. பெயர் வைத்தபோது அதற்கு அந்த வியாதியே வரும் என்று யாருக்குத் தெரியும்? சோறும் பாலில் ஊறிய பிஸ்கட்டுமாகத் தின்று கொழுத்தது, ஒருநாள் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்து இளைக்கத் தொடங்கியது. ஹட்டனில் மிருக வைத்தியர் காலையும் மாலையும் இன்சுலின் போடச் சொன்னார். கோசலா அங்கிருந்தபடியே படித்துப் படித்து, இனிமேல் பச்சை இறைச்சிதான் என்று முடிவு செய்தாள்.

யோகேஸ்வரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பூனை என்பது இறைச்சிக்கென்று கட்டிய அடுப்பு. சோற்றிலிருக்கும் மாவுச்சத்து சட்டென்று சீனியாகி ரத்தத்தில் ஏறிவிடும். இறைச்சி அப்படி இல்லை, ஈரல் அதை மெல்ல மெல்ல உடைத்து, உடம்புக்கு வேண்டிய அளவு சீனியை மட்டும் அதிலிருந்து செய்துகொள்ளும். ஆகவே கோழித் தசை, ஈரல், இதயம். எலும்பின் சத்துக்குச் சிறகு. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், பச்சை எலும்பு வளைந்து கொடுக்கும். சீனி அதைக் கடவாயில் வைத்து நெரிக்கும்போது ஒரு சத்தம் வரும். ஈரத் தீக்குச்சி முறிவதுபோல. அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குப் பூனை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

விதி ஒன்றே ஒன்றுதான். தட்டு காலியானால் ஊசி. தின்னாத பூனைக்கு இன்சுலின் ஏற்றினால், இருக்கிற கொஞ்சச் சீனியும் ரத்தத்தைவிட்டு இறங்கி, வலிப்பு வந்து விறைத்துப்போகும்.

அந்தச் சாயங்காலம் அவள் விதியைத் தவறவிட்டாள். மழையோடு கரண்டும் போயிருந்தது. பல நாளாக விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சலில் உடம்பு நனைந்த சாக்குபோலக் கனத்தது. அந்தக் குளிரில் அத்தனை நாளும் குளிக்கவும் இல்லை, காலுறையைக் கழற்றவும் இல்லை. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சீனியின் பிடரித் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டுவிட்டு, நிமிர்ந்தபோதுதான் வெளிச்சம் தட்டில் விழுந்தது.

வைத்தது வைத்தபடி இருந்தது. ஈரலின் மேல் ஆடை காய்ந்து பளபளத்தது.

அவள் அவசரமாகத் தேநீருக்கு வைத்திருந்த சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பாணியாக்கி, கரண்டியோடு தரையில் உட்கார்ந்தாள். தகரத்தில் மழை கொட்டியது, பின்பக்கத் தேயிலைச் சரிவிலிருந்து ஈரமண்ணும் அழுகிய இலையும் கலந்த மணம் கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்து இறைச்சி வாடையோடு சேர்ந்துகொண்டது, அடுப்பங்கரையின் இருட்டில் எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, அவள் ஒரு கையைப் பூனையின் விலாவில் வைத்து முதல் நடுக்கத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள். நடுக்கம் வரவில்லை. சீனி முன்னங்காலை நக்கி, முகத்தைத் துடைத்தது. காதுக்குப் பின்னால் துடைத்தது. சாப்பிட்டு முடித்த பூனை செய்வதைப்போல, நிதானமாக.

காது நுனியில் குத்தி, துளி இரத்தத்தை ரத்தச் சீனி பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தாள். அந்த இலக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வயிறு நிறைந்த பூனையின் இலக்கம் அது.

ஃபோன் அடித்தது. கோசலா எப்போதும் கேட்பதைத்தான் முதலில் கேட்டாள்.

"சீனி சாப்பிட்டுச்சாம்மா?"

"ம்."

"அப்பாடா. அத மட்டும் நல்லபடியா வச்சிருங்க, தைப்பொங்கலுக்கு வந்துருவேன். நீங்க எப்படி? நர்ஸ் சொன்னாங்களே, கண்ணாடி வச்சுத் தெனம் கால பாக்குறீங்களா?"

"பாக்குறேன்டி."

அந்தக் கண்ணாடி, அலமாரிக்குப் பின்னால் தூசியோடு நின்றது. கிளினிக்குக்கு பஸ்ஸில் தொங்கிப்போய், வரிசையில் நிற்கும் தெம்பு போய் எவ்வளவோ காலம். ரத்தச் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பைக்கூடப் பூனைக்கென்று மிச்சம்பிடித்து, தனக்குப் பார்ப்பதையே விட்டிருந்தாள். மகளின் பேச்சு பூனையில் தொடங்கிப் பூனையில் முடியும். அது செத்துப்போனால் இந்த ஃபோன் எதற்காக அடிக்கும் என்ற கேள்வி, காய்ச்சல்போலவே, அவளை விட்டுவிட்டு வந்து வாட்டியது.

அடுத்தடுத்த நாட்களிலும் தட்டு நிறைந்தே இருந்தது. இறைச்சியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சீனி மோந்துவிட்டு மரியாதையாக விலகிப்போகும். ஆனாலும் அதன் முதுகு ரோமம் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. தூக்கினால் கனத்தது.

வினோதா ரொட்டி கொண்டுவந்தபோது வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னா டீச்சர், எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"சீனியோட எறச்சி. தின்ன மாட்டேங்குது, வீணாப் போகுது."

"ஈரலு வேணாமாமா இதுக்கு! எனக்கு வெறும் ரொட்டியும் சம்பலும். அடுத்த பொறவியில ஒங்க வீட்டுப் பூனையாப் பொறந்துக்கிறேன்." அவள் கீழே பார்த்தாள். "ஐயோ, ஒத்தச் செருப்போட நிக்கிறீங்களே! மொகம் வேற வெளுத்துக் கெடக்கு. நாளைக்கு டிஸ்பென்சரிக்கு கூட்டிட்டுப் போறேன், மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"மழை விடட்டும்டி."

பேசிக்கொண்டிருக்கும்போதே சீனி வந்து, யோகேஸ்வரியின் இடது பாதத்தை முகர்ந்து, அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"என்னா பாசம் பாருங்க" என்றாள் வினோதா. "கால விட்டு நகர மாட்டேங்குது."

அவள் போனபிறகு யோகேஸ்வரி தரையைத் துடைத்தாள். சமையலறையிலிருந்து கட்டில்வரை கறுப்பாகச் சில சொட்டுகள். இறைச்சித் தண்ணீர் சிந்தியிருக்கும். கட்டிலின் பக்கமும் சிந்தியிருந்தது. இறைச்சியை அந்தப் பக்கம் எப்போது கொண்டுபோனோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. களைப்பில் எதுவும் ஞாபகம் வருவதில்லை.

ஆனால் பழைய பழக்கம் அவளை விடவில்லை. வகுப்பில் சொல்வதுபோல, சாத்தியமில்லாததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். லயத்து நாய்களைச் சிறுத்தை தூக்கிப்போகத் தொடங்கியதிலிருந்து கதவும் ஜன்னலும் சாத்தியே இருக்கின்றன. ஆகவே பூனை வெளியே போகவில்லை. எலி என்றால் புழுக்கை இருக்கும். அடுப்படி, அலமாரி, அரிசி வாளி எல்லாம் பார்த்தாள், இல்லை. வினோதா ஒன்றும் போடுவதில்லை. வியாதியே குணமாகிவிட்டதா? குணமான பூனையும் தின்னத்தான் வேண்டும், அதுவும் ஊசி ஏற்றிய பூனை.

ஆகவே அது தின்கிறது.

வீட்டுக்குள்ளேதான் தின்கிறது.

வீட்டுக்குள் இருப்பது, பிரிட்ஜில் பூட்டிய இறைச்சியும், தட்டும், பூனையும். பிறகு...

அந்த இடத்தில் அவளுடைய புத்தி நின்றது. மாடு மேட்டில் நிற்பதுபோல நின்றது. தட்டினாலும் போகவில்லை.

இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு கோழிச் சிறகைத் தட்டில் வைத்து, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக நகர்த்திவிட்டு, இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தாள். வலது செருப்பை மட்டும் கழற்றினாள். இடது செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. மழை மெல்ல அடங்கி, பனிமூட்டம் சரிவிலிருந்து ஏறிவந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்தியது, அறைக்குள் இருந்த வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்ததுபோல வெளிறிக்கொண்டே போனது, தட்டும் தட்டிலிருந்த வெள்ளைச் சிறகும் தூரத் தூரப் போயின. கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தாள். மூடினாள்.

விழித்தபோது மாலை இருட்டு. மழை நின்றிருந்தது. அவ்வளவு அமைதி.

தட்டில் சிறகு அப்படியே இருந்தது.

சீனி அங்கே இல்லை.

கெண்டைக்காலின்மேல், கம்பளிக்குள்ளே, இளஞ்சூடாக ஒரு பாரம். அது லேசாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பால் குடிக்கும் குட்டியின் அசைவுபோல, ஒரே தாளத்தில். சூடு கெண்டைக்காலோடு முடிந்தது. அதற்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை.

கடைசி வீட்டில் ஆள் இல்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சின்னதாக. ஈரத் தீக்குச்சி முறிவதுபோல.

அவள் தட்டைப் பார்த்தாள். சிறகு இருந்தது.

மறுபடி ஒன்று முறிந்தது.

தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன் அதிர்ந்து வெளிச்சம் காட்டியது. கை தன்பாட்டில் அதை எடுத்துக் காதில் வைத்தது.

"அம்மா! சீனி சாப்பிட்டுச்சா?"

அவள் கம்பளிக்குள் அசையும் மேட்டைப் பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?" கோசலா ஒரு கணம் காது கொடுத்தாள். பிறகு சிரித்தாள். "ஓ, இப்பத்தான் சாப்பிடுதா? கடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. செறகு எலும்பு குடுத்தீங்களா?"

மற்றக் கை கம்பளியின் ஓரத்தைப் பிடித்தது. தூக்கியது.

வாடை எழுந்தது.

இடது காலுறையின் நுனி திறந்துகிடந்தது. உள்ளே கறுப்பு. கறுப்புக்கு நடுவே ஏதோ வெள்ளையாக. சீனி ஓடவில்லை. கண்ணைப் பாதி மூடி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கடவாயால் நெரித்துக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் குறுகுறுவென்று திருப்தியான சத்தம்.

"நல்லாத் தின்னட்டும்" என்றது ஃபோன். "அவசரப்படுத்தாதீங்கம்மா."

வலிக்கவில்லை.

எதுவுமே இல்லை.

அவள் காலை இழுத்தாள்.

கால் வந்தது.

பிடியை விடாமல், சீனியும் கூடவே வந்தது.