மருந்து போடாத தொட்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இலக்கியாவின் மடியில் அறுபது ரோகு மீன் குஞ்சுகள் இருந்தன. ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பை. ஆலப்பாக்கம் தாண்டியதும் டிரைவர் ஒரு பிரேக் போட்டார் பாருங்கள்... பக்கத்தில் நின்றிருந்த ஒருவன் நேராகப் பையின் மேலேயே வந்து விழுந்தான்.

"கண்ணு தெரியல?"

"எனக்குத் தெரியுதுங்க... டிரைவருக்குத்தான் தெரியல."

பையின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. அவன் சிரிப்பை நிறுத்தி, ஓட்டையை விரலால் அழுத்திப் பிடித்தான். சிதம்பரம் வரும்வரை எடுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே விடாத மழை... உள்ளே குனிந்த அவன் கண்கள். இலக்கியா பார்க்காமல் இல்லை. பார்த்ததை ஒப்புக்கொள்ள மாட்டாள், அப்படியொரு வீம்பு.

மறுநாள் அவள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தொட்டி கழுவவும் தீனி போடவும் புதிதாகச் சேர்ந்திருந்தவன் அவனேதான். ஆரோக்கியராஜ், கடலூர் முதுநகர்.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மீனின் கண்ணையும் தோலையும் கெடுக்கும். கீழாநெல்லி இலைச் சாறு கலந்த தீனி அதைத் தடுக்குமா என்பதுதான் இலக்கியாவின் ஆராய்ச்சி. ஒரு தொட்டிக்குச் சாறு கலந்த தீனி, இன்னொன்றுக்கு வெறும் தீனி. இரண்டின் மேலும் தினம் ஒரு மணி நேரம் கதிர் விளக்கு எரியும்.

"இந்தத் தொட்டி மீனுங்க இன்னா பாவம் பண்ணுச்சு மேடம்?"

"அதுங்க கெட்டாத்தான் இதுங்க பொழச்சது தெரியும்."

"நல்ல நியாயங்க..."

முதல் வாரமே வெறும் தீனித் தொட்டியில் இரண்டு மீன்களுக்குக் கண் வெளுத்தது. அவள் நோட்டில் எழுதினாள், கையைக் கழுவினாள், டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே பையில் வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு மீனும் கெடவில்லை. இரண்டு மாதம்... இரண்டு தொட்டியும் ஒன்றுபோல் இருந்தன. மீன்கள் நன்றாக நீந்தின. மூழ்கியது அவள்தான்.

"மொத வாரம் ரெண்டு மீனு வெளுத்தது தற்செயல். விளக்கால கெடுதலும் இல்ல, இலையால பலனும் இல்ல. தலைப்ப மாத்திக்கம்மா," என்றார் பேராசிரியர்.

கம்மாபுரத்திலிருந்து அப்பா சுப்பராயலு போன் செய்தார். "மூணு வருஷம் பாத்தாச்சு. மூட்ட கட்டிகிட்டு வந்துடு. மாப்ள வீட்ல கேட்டுகிட்டே இருக்காங்க."

வாதாட அவளுக்கு என்ன மிச்சம் இருந்தது? சனிக்கிழமை மதியம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றாள். மழையில் தொப்பலாக நனைந்து ஆரோக்கியராஜ் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"மேடம்... வெறும் தீனித் தொட்டிக்கும் சாறு தீனிதான் போட்டேன். ரெண்டு மாசமா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "ஏன்?"

"அன்னிக்கு ரெண்டு மீனுக்குக் கண்ணு வெளுத்துது, நீங்க சாப்புடல. மிச்ச மீனும் வெளுத்தா எத்தினி நாள் பட்டினி கெடப்பீங்கன்னு... மீனு மேல பரிதாபம்னு சொல்லலாம். பொய்யி. உங்கள புடிச்சிருக்கு மேடம். சாருகிட்டயும் சொல்லிட்டேன், தீனி போட்டத மட்டும். நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாரு."

அறையத்தான் கை பரபரத்தது. அவளுடைய இரண்டு மாதம்... அவளுடைய படிப்பு... இவன் யார் இரக்கப்பட? அப்புறம்தான் மெல்ல உறைத்தது. இலை வேலை செய்திருக்கிறது. இரண்டு தொட்டியிலும் வேலை செய்திருக்கிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் அழுகை வந்தது.

கம்மாபுரம் வழியாகப் போகும் விருத்தாசலம் பஸ் புறப்பட்டது. அவள் ஏறவில்லை.

"மறுபடி மொதல்லேர்ந்து பண்ணணும். இந்தத் தடவ கண்ணு வெளுக்கும். தினம் நின்னு எண்ணணும்."

"தெரியும் மேடம்."

"மேடம் வேணாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்ட பேசணும். உங்க பேரக் கேட்டா இன்னும் ஜாஸ்தி கோவம் வரும். வரட்டும்... ஆனா நீங்க தொட்டிப் பக்கம் வரவே கூடாது."

அவன் தலையாட்டினான்.

"எண்ணி முடிச்சிட்டு சாயங்காலம் வெளிய வருவேன். அப்ப நீங்க வாசல்ல நிக்கணும்... தனியா என்னால முடியாது. எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு, ராஜ்."