கடல் திருப்பி அனுப்பிய சாட்சி

நகராட்சி அலுவலக வாசலில் இருந்த வடிகால் மூடி தானாக எழும்பியது.

முதலில் பார்த்தவன் வாட்ச்மேன். மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது... கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது... அதோடு ஒரு கை!

அவன் போட்ட கூச்சலில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த குமாஸ்தாவே விழித்துக்கொண்டார். அந்த அலுவலகத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

கைக்குச் சொந்தக்காரர் நகராட்சி சர்வேயர். பின்மண்டையில் பலமான அடி.

'மழைநீர் வடிகால் திட்டம், இரண்டாம் கட்டம்... பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்... இன்று காலை' என்று கட்டியிருந்த பேனருக்கு நேர் கீழே அவரைக் கிடத்தினார்கள். பாவம், கருத்துச் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கும்போதே அவள் செல்போன் அலறியது. டி.எஸ்.பி.

"செத்தவனை நேத்து ஒருத்தன் நடுத்தெருவுல மிரட்டியிருக்கான். 'உன்னை வடிகால்லயே தூக்கிப் போட்டுடுவேன்'னு. யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"யாரு?"

"என் தம்பி சார்."

மறுமுனையில் குரல் இறங்கியது.

"கூட்டம் முடியறதுக்குள்ள நீங்களே அவனை உள்ள வைங்க. இல்லேன்னா வேற ஆளை அனுப்பறேன். அவங்களுக்கு அவன் தம்பி இல்ல... பாத்துக்குங்க."

இன்ஸ்பெக்டர் மறுபடி ஜீப்பில் ஏறினாள். அம்மா போன பிறகு அவள் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிய பயல் அவன். வாய் மட்டும்தான் நீளம். கை நீண்டதே இல்லை.

தம்பியின் சைக்கிள் கடை பள்ளத்துத் தெருவில் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்! கடல் ஏறும்போதெல்லாம் அந்தத் தெருவுக்கு இந்த உபசாரம் உண்டு. தம்பி ஸ்டூல்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"சத்தியமா நான் இல்லக்கா."

"மிரட்டினியா, இல்லியா?"

"மிரட்டினேன். கடைச் சுவத்துல செவப்புக் கோடு போட்டாரு. இடிக்கப் போறாங்கன்னு நெனச்சுட்டேன். அப்புறந்தான் சொன்னாரு... கடல் ஏறினா தண்ணி அந்தக் கோடு வரைக்கும் வருமாம். 'குழாயோட வாயைக் கடலைவிடத் தாழ்வா வெச்சிருக்காங்க. நாளைக்குக் கூட்டத்துல போட்டு உடைக்கறேன்'னாரு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அதை எவனும் பாக்கல."

"சண்டைன்னா ஊரே வரும்டா. சமாதானத்தைப் பாக்க எவன் வருவான்?"

"யோசிச்சுப் பாருக்கா. நான் கொன்னிருந்தா வடிகால்லயா போடுவேன்? இந்தத் தெருவுல எவனாவது போடுவானா? காலைல வீசின வாழைப்பழத் தோலு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுதே!"

இன்ஸ்பெக்டர் அவனை உற்றுப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து கான்ஸ்டபிள் மூச்சிரைக்க ஓடி வந்தார். கடற்கரை ரோட்டில், வடிகாலின் கடைசி மூடிக்குப் பக்கத்தில் சர்வேயரின் மூக்குக்கண்ணாடி கிடைத்திருந்தது. அதற்கப்புறம் குழாய் நேராகக் கடலில் போய் முடிகிறது.

ஆக, உடலைப் போட்டது கடல் ஓரத்தில். கிடைத்ததோ ஊர் நடுவில்!

அவள் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று கான்ஸ்டபிளை எச்சரித்தாள். அந்த வடிகாலில் போட்டது கடலுக்குப் போய்விடும் என்று நம்பிய ஒருவன்தான் இதைச் செய்திருக்க வேண்டும். ஊரில் அப்படி நம்பக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

ஆனால் நம்பிக்கை வைத்தார் என்பதற்காக யாரையும் கைது செய்ய முடியாதே...

கூட்டம் ஆரம்பமானது. மேடையில் திட்ட அதிகாரி. சுவரில் அவருடைய வடிகால் வரைபடம். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவிக் கொடுத்திருக்க மாட்டார். சர்வேயருக்காகக் கண்ணை மூடி மௌன அஞ்சலி செலுத்தினார். பிறகு சட்டென்று கண்ணைத் திறந்து, மழைநீர் எப்படித் துள்ளிக் குதித்துக் கடலுக்கு ஓடும் என்று விளக்க ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம் சார். பொணத்தைச் சந்தைக்குப் பின்னால, மேட்டுல போட்டிருக்காங்க. கடலுக்குப் போகாம பாதி வழியில அடைச்சுக்கிச்சு. உங்க வடிகால் ரொம்பக் குறுகலோ?"

கூசாமல் சொன்ன பொய்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "தண்ணியே போக மாட்டேங்குது, பொணமா போகும்?"

கூட்டமே சிரித்தது. அதிகாரியின் காது மடல்கள் சிவந்தன. கொலைப்பழியைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். வடிகாலைக் குறை சொன்னால் தாங்க மாட்டார்.

"யார் சொன்னது குறுகல்னு? உள்ள ஒரு ஆள் குனிஞ்சு நடக்கலாம்! சந்தைகிட்ட போட்டிருந்தா வழுக்கிட்டுக் கடலுக்குப் போயிருக்கும்!"

"போகலியே சார்."

"எப்படிப் போகும்? கடைசி மூடியில போட்டா இழுப்பு எங்க இருக்கும்? அதுக்கு என் திட்டம் என்ன பண்ணும்?"

சிரிப்பு நின்றது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதிகாரி மட்டும் விதிவிலக்கா?

இன்ஸ்பெக்டர் பைக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"கடைசி மூடின்னு நான் சொல்லவே இல்லியே சார்..."

அதிகாரி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அப்புறம் எல்லாம் தானாக வந்தது. திட்டத்தை நிறுத்தச் சொல்லி சர்வேயர் அவரைக் கடற்கரை ரோட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார். வாய்ப்பேச்சு முற்றியிருக்கிறது. மூடி திறக்கும் இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

சர்வேயர் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வடிகால் எல்லாவற்றையும் ஊருக்குள் திருப்பி அனுப்பும் என்பது. செத்தும் அதை நிரூபித்துவிட்டார் மனுஷர்.

டி.எஸ்.பி.யிடம் பேசிவிட்டு இன்ஸ்பெக்டர் தம்பிக்குப் போன் போட்டாள். இனிமேல் வாயை மூடிக்கொண்டு பஞ்சர் ஒட்டு என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. நல்ல வேளை, அது போனில் தெரியாது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷனும் பள்ளத்துத் தெருவில்தான். லாக்கப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரி, சுவரில் முழங்கால் உயரத்தில் படிந்திருந்த கறையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கம்பிக்கு வெளியே பார்த்தார்.

"மேடம்... இங்க தண்ணி வருமா?"

இன்ஸ்பெக்டர் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"உங்க திட்டப்படி வராது சார். எதுக்கும் செருப்பை மேல எடுத்து வெச்சுக்குங்க!"