வராதவர்களின் பட்டியல்

"எழுந்திரிங்க சார்... அது என் நாற்காலி!"

அவள் நாற்காலியில் மழையில் நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தவன் திரும்பினான். அப்பப்பா... எதைத் தொலைத்தோம் என்பதையே மறந்துவிட்டுத் தேடுகிற கண்கள்!

ஆஸ்பத்திரிப் பதிவு அறையில் ஏழு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. எந்தப் பிரிவில் எத்தனை நோயாளிகள் குறித்த நாளில் வரவில்லை... திங்கள்தோறும் அதே அட்டவணை, அதே கட்டங்கள். அவள் பெயரே 'திங்கள்' ஆகிவிட்டது. ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க, மூன்று வாரத்துக்கு அவனை அழைத்திருந்தார்கள்.

"என்ன தேடுறீங்க?"

"தெரியல... கிடைச்சா சொல்றேன்."

"தெரியாமயே தேடுவீங்களா?"

"வயசு வாரியா, தெரு வாரியா, மழை நாளான்னு... புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன்."

"விளங்கிரும்!"

அவனுக்குத் 'துருவி' என்று பெயர் வைத்தவள் அவள்தான். தினமும் அவனோடு வம்பு வளர்ப்பதும் பிடித்திருந்தது. அம்மா போனபின், மாலை ஆறு மணிக்கு மேல் அவள் குரலை அவளே கேட்டதில்லை...

இரண்டாம் வாரக் கூட்டத்தில் அவன் சாதாரணமாகச் சொன்னான். "இந்த அட்டவணைய யாரும் படிக்கிறதாவே தெரியல." யாரோ சிரித்தார்கள். அவள் காது மடல் எரிந்தது. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவனுடைய கடைசி நாள். வெளியே விடாத மழை. தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"கண் பிரிவுக்கு வராதவங்கள்ல பாதிப் பேருக்கு, 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட'ங்கிற கட்டம் காலியா இருக்கு. எப்போலேர்ந்து இப்படின்னு புரியல. உங்க அட்டவணை வேணும்."

"யாரும் படிக்காததா?"

"தப்புதான். எல்லார் முன்னாடியும் சொன்னேன்... இப்ப எல்லார்கிட்டயும் நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்."

ஏழு வருடத்தையும் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் அவள் விரல் நின்றது. கண் பிரிவுக்கு வராதவர்கள் அதுவரை வாரம் இருபது, அதன்பின் நாற்பது.

"அப்பதான் அழைப்புக் கடிதத்த மாத்தினாங்க. 'கண்ணில் மருந்து விடுவதால் துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.'"

"துணைக்கு ஆளில்லாதவங்க... வரவேயில்ல." மெல்லச் சொன்னவன் நிமிர்ந்தான். "எப்படிங்க வரி பிசகாம ஞாபகம்?"

ஜன்னலைப் பார்த்தாள்.

"எனக்கும் அந்தக் கடிதம் மூணு தடவ வந்துச்சு. போகல. இந்த வாரம் நாற்பத்தொரு பேர்... அதுல நானும் ஒருத்தி."



"என் கட்டமும் காலிதாங்க," என்றான். "மூணு வாரம் ஒரு ஊரு, மூணு வாரம் ஒரு ஊரு... எங்கேர்ந்து கிளம்பும்போதும் இப்படி வலிச்சதில்ல. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. நான் துணைக்கு வரட்டுமா?"

அவள் ஃபோனை எடுத்துக் கண் பிரிவை அழைத்தாள். தேதி கிடைத்தது.

"கூட யாராவது வருவாங்களாம்மா?" என்றது மறுமுனை.

"ம்... வர்றார்."

"என்ன உறவுன்னு எழுத?"

அவனைப் பார்த்தாள். கண் நிறைந்து... சிரிப்பும் வந்தது.

"இனிமேதாங்க... ஆகணும்."