ஏழாவது வில்லை

பலகையில் கொக்கிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. அவள் கையில் ஒரு வில்லை மிஞ்சியது.

மலைக்குப் போகும் வெளியூர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லை. திரும்பும்போது வாங்கி மாட்ட வேண்டும். பலகை நிறைந்ததும் மலைச் சாலைக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் விடியும்வரை எவர் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. அவளுக்கு முன்னால் இருந்த காவலாளி பெற்ற தாயின் குரலைக் கேட்டுத் திறந்தான். மறுநாள் செருப்புகள்தான் கிடந்தன.

ஊர்க்காரர்களுக்கு வில்லை கிடையாது. கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள், அவ்வளவு ரோஷம். மதியம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போன அவள் புருஷன் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க, ஆபீசரம்மா!"

"போய்யா! சொந்த வீட்டுக்குள்ள போக எவனாவது சீட்டு வாங்குவானா?"

ஐந்து மணிக்கு ஜீப் இறங்கியபோது பனி சாலையை மூடியிருந்தது. ஈர மண் வாசனை, அதற்கடியில் அழுகிய இலை நாற்றம், நிற்காமல் கிறீச்சிடும் வைப்பர், பின் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் தலைகள். ஜன்னலில் நீண்ட கை வில்லைகளைக் கொத்தாகக் கொடுத்தது. சில்லென்றிருந்தது அந்தக் கை. முகம் தெரியவில்லை, வழக்கமான கிண்டலும் இல்லை. அசதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு பேருக்கு ஏழு வில்லை. ஏழாவதில் எண்ணே இல்லை. யாரோ எப்போதோ தொலைத்ததை மனுஷன் பொறுக்கி வந்திருப்பார். மேசையில் போட்டுவிட்டு கேட்டைப் பூட்டினாள்.

அரை மணி கழித்து ஜல்லியில் காலடி. தகரக் கேட் அதிர்ந்தது.

"ஏய் குள்ளி, தொறடி. எவனோ என் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்."

குள்ளி. அவன் மட்டும் கூப்பிடும் பேர். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். எட்டு வயது மகள் எடுத்தாள்.

"பாப்பா, அப்பா வந்துட்டாரா?"

"அப்பவே வந்துட்டாரும்மா. சும்மா உக்காந்திருக்காரு. பேசவே மாட்டேங்கிறாரு."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

"போனை வச்சிடாத கண்ணு," என்றவள் கேட்டைப் பார்த்துக் கத்தினாள். "போ சனியனே! எம் புருஷன் வீட்டுல இருக்காரு!"

கேட் மறுபடி அதிர்ந்தது.

"நான்தான்டி உன் புருஷன்." குரல் உடைந்தது. "பின்னால என்னமோ வருது. உன் கால்ல விழறேன், தொறடி."

காதைப் பொத்திக்கொண்டாள். தகரத்தில் நகம் பிறாண்டியது. ஓர் அலறல். பாதியில் நின்றது.

பிறகு ஒன்றுமில்லை.

ஏமாறவில்லை நான். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. மேசையில் கிடந்த வில்லையைச் சும்மா எடுத்தாள். இன்னும் ஈரம் காயவில்லை.

ஊர்க்காரனுக்கு வில்லை கிடையாது.

அவள் புருஷன் கையால் ஒரு வில்லையைத் தொட்டதே இல்லை. ஆறு பேருக்கு ஆறு. ஏழாவது, வண்டி ஓட்டி வந்ததுடையது.

கேட்டின் அடியில், தகரத்துக்கும் தரைக்கும் நடுவே, நான்கு விரல்கள் நீண்டு கிடந்தன. நகக்கண்ணில் கிரீஸ். ஒரு விரலில், போன வாரம் அவள் கட்டிவிட்ட துணிக்கட்டு.

போனில் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா இப்பத்தான் பேசினாரு. தாழ்ப்பாள் போட்டுட்டாரும்மா. விடியறவரைக்கும் யாரு கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாதாம். நீ கூப்பிட்டாக்கூட."