படகில் ஏறியவர்

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாளின் கண்ணுக்குத் தப்பி செம்மண்டலத்தின் அந்தத் தெருவில் ஒரு பூனைகூட வீடு மாறிவிட முடியாது. அதனால் அவள் பால் பாக்கெட்டும் கையுமாக நின்று கேட்டதை, ராஜவேல் முதலில் வெறும் வம்பென்றுதான் எடுத்துக்கொண்டான்.

"இன்னா ராஜவேலு, கூட வந்தவரு இன்னும் கெளம்பலியா?"

"யாரு கூட வந்தாங்க? தனியாத்தான் வந்தேன்."

"அட, எங்கிட்டயே மறைக்கிறியே! ஆட்டோவுலேர்ந்து நீ எறங்குன. பின்னாடியே ஒல்லியா ஒருத்தரு எறங்குனாரு, தலையெல்லாம் சொட்டச் சொட்ட. சித்திர வெயில்ல மனுசன் எங்க போயி நனைஞ்சாருன்னு மூணு நாளா எனக்கு ரோசனை."

மூன்று நாளாகத் தெருவே அந்த யோசனையில் பங்கெடுத்திருக்கும். ராஜவேல் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அவன் பார்த்துவந்த வேலை அப்படி. போர்ட்பிளேரிலிருந்து கிளம்பும் ஒரு டைவிங் படகு. காசுள்ளவர்கள் ஒரு வாரம் படகிலேயே தின்று தூங்கி, ஆளில்லாத ஒரு தீவைச் சுற்றி நாளுக்கு நாலு முறை கடலுக்குள் குதித்து, திருக்கையையும் பவளப்பாறையையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். வாயில் ரப்பர் குழாய் இருப்பதால் பிளக்க முடியாது என்பது வேறு விஷயம். சிலிண்டருக்குக் காற்றடைப்பது, மேலே வருகிறவர்களைக் கை கொடுத்துத் தூக்குவது, எல்லோரும் ஏறியதும் பேர் கூப்பிட்டு டிக் அடிப்பது, இதெல்லாம் ராஜவேலின் பாடு. அவரவர்க்கு அவரவர்தான் குரல் கொடுக்க வேண்டும் என்பது படகின் சட்டம். மற்றவர்கள் 'எஸ்' என்பார்கள். சிதம்பரத்துக்காரன் ஸ்ரீதர் மட்டும் பக்கத்து ஊர்ப் பாசத்தில், "இருக்கேண்ணா" என்பான்.

ஆறாம் நாள், நாலாவது முங்கல். ராஜவேலுக்கு நின்றபடியே தூக்கம். கம்பியில் ஸ்ரீதரின் நீலத் துண்டு தொங்கியது. துண்டு இருந்தால் ஆளும் இருப்பான் என்று, பேர் கூப்பிடாமலே டிக் அடித்துவிட்டான். படகு கிளம்பிவிட்டது. சாப்பிட உட்காரும்போதுதான் ஒரு நாற்காலி காலியாக இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது கடலில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

உண்மையைச் சொன்னால் ஜெயில். விசாரணையில் அவன் சொன்னான்: "ஏறினாரு. கொரல் குடுத்தாரு. அப்பறம் எங்கியோ தவறி வுழுந்திருப்பாரு." கையெழுத்தும் போட்டான். முதலாளி முதுகில் தட்டி, லீவு கொடுத்து அனுப்பினார்.

கொளஞ்சியம்மாளிடமிருந்து தப்பி வீட்டுக்குள் வந்தால், அவன் மனைவி இசைவாணி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் குளியலறையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கி எத்தினி வாட்டிதான் குளிப்பீங்க? தரை காயவே மாட்டேங்குது."

அவன் அன்று இன்னும் குளிக்கவே இல்லை. அதைச் சொல்லவும் தெம்பில்லை.

தானே புயல் தெரு மரங்களையெல்லாம் பிடுங்கிப் போட்ட பிறகு வந்த முதல் கோடை அது. நிழல் என்ற ஒன்று வீடுகளுக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து, இறக்கை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, முனகி நின்றது. அந்த முனகல் அடங்கிய பிறகுதான், அதற்கு அடியில் இத்தனை நாளும் வேறொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது அவனுக்குப் புரிந்தது. உறிஞ்சி இழுக்கும் ஒரு நீண்ட மூச்சு. இடைவெளி. பிறகு குமிழிகள் கொப்பளித்து மேலேறும் ஓசை. உப்பில் ஊறிய ரப்பர் வாசனை.

உள்ளறையிலிருந்து.

எழுந்து போய்ப் பார்க்கலாம். அலுப்பாக இருந்தது. பயப்படக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

அறுபது வயது அம்மாள். பேருந்தில் வந்த புழுதி முகத்தில். "சிதம்பரத்துலேர்ந்து வர்றேன் தம்பி. ஸ்ரீதரோட அம்மா, தில்லையம்மா."

எதிர் ஜன்னலில் கொளஞ்சியம்மாளின் தலை முளைத்தது. "ஒங்கூட வந்தவரோட அம்மாவா? அதான பாத்தேன், சாடை அப்பிடியே இருக்கு!"

ராஜவேல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான். "உள்ள வந்து குந்துங்கம்மா."

"குந்தல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எம்புள்ள படகுல ஏறுனானா? இல்ல, நீங்க போறதப் பாத்துக்கிட்டே தண்ணியில கெடந்தானா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க தம்பி. நான் தூங்கணும்."

உள்ளறையில் அந்த மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஏறலம்மா. ஒரு வார்த்தைதான். நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு போலீஸ். கோர்ட்டு. மறுபடி அந்தக் கடல்.

"ஏறினாரும்மா. நானே கை குடுத்துத் தூக்குனேன்."

அவள் முகம் இளகியது. பார்வை அவன் தோளைத் தாண்டி உள்ளே போனது.

"ஸ்ரீதரு?"

"இருக்கேம்மா."

குரல் ராஜவேலின் பிடரிக்குப் பின்னால். ஈரமாக.

தில்லையம்மாள் அவனைக் கடந்து உள்ளே போனாள். ராஜவேல் திரும்பவில்லை. முந்தானையால் தலை துவட்டும் ஓசை. தரையில் மணல் உதிரும் ஓசை. அவள் கொஞ்சலாக ஏதோ கேட்டாள். குமிழிகள் பதில் சொல்லின. வெகுநேரம்.

வெளியே வந்தபோது அவள் முந்தானை நனைந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வூட்டுக்கு வாடான்னா வர மாட்டேங்குறான் தம்பி. தூக்குனது நீங்களாமே. இனிமே உங்க கூடத்தான் இருப்பானாம். பாத்துக்குங்க."

மரமில்லாத தெருவில், வெயிலில், அவள் சிறுத்துக்கொண்டே போனாள். ராஜவேல் நின்றான். தொங்கிக்கொண்டிருந்த அவன் கைக்குள் பின்னாலிருந்து ஒரு கை நுழைந்தது. வெகுநாள் ஊறிய கை. தோல் கழன்று வழுக்கியது. வழுக்கியும் விடவில்லை. அழுத்திப் பிடித்தது.

கனத்தது. கீழே இழுத்தது.