ஆக்சிஜன் கோடு

காலையிலிருந்து நாலாவது முறையாக அந்தக் கோடு அடங்கமாட்டேன் என்று ஆடியது.

ஆர்கானும் ஆக்சிஜனும் கலந்த பிளாஸ்மா. நிஜத்தில் ஓர் உலோகக் கலத்துக்குள் ஊதா வெளிச்சமாக எரியவேண்டியதை அவள் கணக்காக எழுதி, ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, வீட்டு லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு சரியென்றால் ஒவ்வொரு வாயுவின் கோடும் கொஞ்சம் துள்ளிவிட்டு மட்டமாகிவிடும். ஆர்கான் சமர்த்தாக அடங்கிவிட்டது. ஆக்சிஜன் மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உயிரை வாங்கியது.

கணக்கு அடியெடுத்துவைக்கும் நேர இடைவெளியைப் பாதியாக்கிப் பார்த்தாயிற்று. எந்த வாயு எதோடு மோதி என்ன ஆகும் என்ற பட்டியலை வரிவரியாகத் துழாவியாயிற்று. மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. பக்கத்து அறையில் நாலு வயது மகளுக்கு நெஞ்சுச்சளி, குழந்தையின் அப்பா வெளியூர் வேலையில். சாத்திய ஜன்னலும், தைல வாசனையும், திரைச்சீலை வழியாகக் கசிந்த மதியத்தின் அழுக்கு மஞ்சளும், அதற்குள் கர்... கர்... என்று இழுத்துக்கொண்டிருந்த குழந்தையின் மூச்சும், எல்லாம் சேர்ந்து நனைந்த போர்வை மாதிரி அவள்மேல் கிடந்தன.

ஃபோன் அடித்தது. தலைமைப் பொறியாளர். எந்த மெயிலுக்கும் தலைப்பில் 'அவசரம்' போடுகிறவர் என்பதால் ஆபீஸில் அவர் பெயரே அவசரம்தான்.

"என்னம்மா, அடங்குச்சா?"

"இல்ல சார். ஆக்சிஜன்தான் பிடிவாதம் பிடிக்குது."

"தணிப்பைக் கூட்டிவிடும்மா. எல்லாரும் பண்றதுதானே? அஞ்சு மணிக்குள்ள ரிசல்ட் போயே ஆகணும். பாப்பா எப்படியிருக்கா?"

"இப்பதான் சார் கண்ணசந்தா."

தணிப்பு என்பது ஓர் எண். ஆட்டத்துக்குக் காரணம் புரியாதபோது ஆட்டத்தையே அமுக்கிவைக்கிற எண். அவளுக்கு அது பிடிக்காது. ஆனால் இன்றைக்கு யோசிக்கத் தெம்பில்லை. புள்ளி ஒன்று என்று அடித்தாள்.

அலை சிறுத்தது. உள்ளே கர்கர் சத்தமும் மெலிந்தது. அப்பாடா, சளி இளகுகிறது போல என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

புள்ளி மூன்று.

அப்போது குழந்தை இருமியது. கோட்டில் ஒரு கூர்முனை எழுந்தது. மறுபடி இருமல். மறுபடி முனை.

தூக்கம் கெட்டால் புத்தி இப்படித்தான் போகும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, புள்ளி ஆறு என்று அடித்தாள்.

கோடு மட்டமானது.

வீடு அமைதியாக இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. ஃப்ரிட்ஜ் முனகியது. லேப்டாப்பின் விசிறி சுற்றியது. வேறு எதுவுமில்லை. எதுவோ ஒன்று குறைந்தது.

எது?

ஓடினாள். மகளின் வாய் திறந்திருந்தது. உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை.

"குட்டிம்மா! ஏய், குட்டிம்மா!"

உலுக்கினாள். தலை மட்டும் ஆடியது.

எப்படித்தான் தோன்றியதோ, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு ஓடிவந்து, ஒற்றைக் கையால் தணிப்பைப் பூஜ்யமாக்கினாள்.

கோடு துடித்தது. ஏறியது. அவள் கழுத்தில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. கர்.

"ம்மா... தண்ணி."

"தரேன்டி தங்கம், தரேன்."

நாற்காலியில் விழுந்தாள். மகள் மடியில், கை மகளின் நெஞ்சில். கோடு ஏறினால் நெஞ்சு ஏறியது. இறங்கினால் இறங்கியது. ஆடு, சனியனே, ஆடிக்கிட்டே இரு. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள். எண்ணில் விரல் படும்முன் அதுவே அடித்தது.

"இனிமே நீ கவலைப்படாத." அவசரம் முதல்முறையாக நிதானமாகப் பேசினார். "குழந்தைய வெச்சுக்கிட்டுத் தவிக்கிற, பாவமா இருந்துச்சு. இங்கேருந்தே நானே தணிப்பை முழுசா ஏத்திட்டேன்."

"சார், வேண்டாம்! எடுங்க! எடுத்துடுங்க சார்!"

"கணக்கே முடிஞ்சிருச்சும்மா. அனுப்பியும் வெச்சாச்சு. ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு, பாரேன். போய்த் தூங்கு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்காமல். உள்ளே இழுத்த மூச்சோடு எழும்பிய சின்ன நெஞ்சு, அவள் உள்ளங்கைக்குக் கீழே, இறங்காமல் அப்படியே நின்றது.