கண்ணாடியைத் தட்டாதீர்கள்

கடலைக் காட்டுவதற்காகக் கட்டிய அந்தக் கட்டடத்துக்குள் போக இரண்டு வழிகள் இருந்தன. முன்வழியில் பளிங்குத் தரை, நீல விளக்கு, தண்ணீர் துப்பிக்கொண்டே இருக்கும் ஒரு வெண்கல டால்பின். பின்வழியில் குப்பைத் தொட்டி, லோரி நிற்கும் இடம், வேலையாட்கள் சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும் ஒரு மரத் தட்டு. பெட்டாலிங் ஜெயாவின் புதிய பேரங்காடிக்கு அடியில் 'ஆசியாவே வியக்கும் பவளப்பாறை' வந்துவிட்டதாகப் பத்திரிகைகள் விளம்பரம் போட்டிருந்தன. அங்கே ஒரு நெத்திலிகூட இல்லை என்பது பின்வழியாக வருபவர்களுக்கு மட்டுமே தெரியும்.

குணபூசணி பின்வழியாக வருபவள். கடல் உயிரியல் படித்துவிட்டுப் பல வருடம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, தொண்ணூறுகளின் நடுவில்தான் இந்தக் கியூரேட்டர் வேலை கிடைத்தது. அண்ணன் கணக்காய்வாளர், அக்கா பல் டாக்டர். "இவளும் டொக்டர்தான், மீனுக்கு" என்று பெரியப்பா யோகநாதன் கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்துவைப்பார். அதற்குச் சிரிக்காத ஆளை அவள் இன்னும் பார்த்ததில்லை. இந்தப் பவளப்பாறை திறந்தே ஆக வேண்டும் என்ற வெறி கட்டியவனைவிட அவளுக்குத்தான் அதிகம்.

அன்று காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து மினி பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கியபோது, பின்வாசலில் வழக்கம்போல அந்தப் பெண் நின்றாள். பெயர் தனலெட்சுமி. கிள்ளானிலிருந்து வருகிறவள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"மிஸ், இன்னிக்காச்சும் உள்ள கேட்டுச் சொல்லுங்க. என் வீட்டுக்காரரு தம்புசாமி. பாறைக்கு சிமெண்டு பூச வந்தவரு. உள்ள போனாரு, வெளிய வரல."

"ஓடிட்டான்னு கம்பெனியில சொல்லியாச்சு லா, அக்கா," என்றார் காவலாளி. "எத்தன வாட்டி கேப்பீங்க?"

தனலெட்சுமி பையைத் திறந்து காட்டினாள். தேய்ந்த நீலவார் சிலிப்பர் ஒரு ஜோடி.

"இந்தத் தட்டுலதான் கிடந்துச்சு. செருப்ப விட்டுட்டு எந்த ஆம்பளைண்ணே ஓடுவான்?"

குணபூசணி "கேட்டுப் பாக்குறேன் அக்கா" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே எப்போதும் இரவுதான். முன்பக்கம் கடலாகத் தெரிவது பின்பக்கத்தில் வெறும் குழாய்களும் பம்புகளும். நடுவே ஒரு மாடி உயரத்துக்கு நீர்த்தொட்டி. அதற்குள் சிமெண்டால் வார்த்த போலிப் பாறை, குகையும் பொந்துமாக, உள்ளே தனித்தனிக் கூடுகளாக. நிஜப் பவளத்தை அதன்மேல் ஒட்டி வளர்க்க வேண்டியது குணபூசணியின் வேலை. ஒட்டிய துண்டுகள் எல்லாம் சில நாளிலேயே வெளுத்து எலும்பாகிவிட்டன.

சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து மருந்து விட்டாள். மஞ்சளாக நின்றால் நல்ல நீர். அது பச்சையானது. கரும்பச்சை.

அம்மோனியா. ஏதாவது ஓர் உயிர் அழுகினால்தான் வரும். மீனே விடாத தொட்டியில் எது அழுகும்?

பொது மேலாளர் ராமசுப்பிரமணியன் அறையில் குளிர்சாதனம் பெங்குவினுக்கு ஏற்றபடி ஓடியது. லண்டனில் படித்தவர். பெயர் அட்டையில் பெயருக்கு முன்னால் சற்று இடம் விட்டு அச்சடித்திருந்தார். டத்தோ பட்டம் வந்தால் நுழைக்கச் சௌகரியமாக. அதைவிடப் பெரிய 'தான் ஸ்ரீ' பட்டம் வாங்கி, பட்டம் கொடுப்பவர்களின் காதில் ஓதக்கூடிய ஒருவர்தான் திறப்பு விழாவுக்கு வரப்போகிறார். பேய், பில்லி, சூனியம் எதையும் அவர் நம்புவதில்லை. ராகு காலத்தை மட்டும் நம்புவார். அது விஞ்ஞானம் என்பார்.

"சார், பாறைக்குள்ள ஏதோ அழுகுது. உடைச்சுப் பாக்கணும்."

"உடைக்கிறதா? அது இத்தாலியன் டிசைன், மிஸ் குணா."

"தண்ணி கலங்கிப்போய் இருக்கு சார்."

"கலங்கல்னு சொல்லாதீங்க. மிஸ்ட் எஃபெக்ட். அழைப்பு கார்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு."

"மீன் விட்டா செத்துடும்."

"விழா முடியற வரைக்கும் சாகாம பாத்துக்குங்க. அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

"ரெண்டு நாளா உள்ளேர்ந்து தட்டுற சத்தம் வேற கேக்குது."

"குழாயில காத்து அடைச்சிருக்கும். எல்லாத்துக்கும் ஒரு குறை லா உங்களுக்கு." அவர் குரல் கனிந்தது. "அந்தப் பாறையோட கடைசி வாசலை நானே நின்னு அடைச்சேன், தெரியுமா? ராகு காலம் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. ஃபோர்மேன் இன்னும் வேலை முடியலங்கிறான். நான் விடல. அடைடான்னேன். நல்ல நேரத்துல அடைச்சதாலதான் இன்னிக்கு வரைக்கும் ஒரு விரிசல் இல்ல."

குணபூசணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"அடைக்கும்போது உள்ள இருந்தவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களான்னு பாத்தீங்களா சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போகச் சொல்வதற்கு அவர் கற்றிருந்த நாகரிகமான வழி அது.

போலீசுக்குப் போனாள். கம்பெனி ஏற்கெனவே 'ஓடிப்போனான்' என்று எழுதிக் கொடுத்திருந்தது. பாறை கட்டிய குத்தகைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் தாய்லாந்தில் விடுமுறையில் இருந்தார். ஒவ்வொரு கதவும் மரியாதையாகத் திறந்து, மரியாதையாக மூடிக்கொண்டது.

மறுநாள், தொட்டிக்குள் இறங்கிக் கண்ணாடி துடைக்கும் முக்குளிப்பாளன் வாசு பாதி வேலையில் மேலே ஏறி வந்து, முகமூடியைக் கழற்றி எறிந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இனிமே நான் இறங்கல மிஸ்."

"என்னாச்சு?"

"பாறை மேல கை வெச்சேன். உள்ளேர்ந்து, சரியா என் கைக்கு நேரா, தட்டுது. கையை அந்தப் பக்கம் நகத்தினேன்." அவன் தன் ஈரக் கையைத் திருப்பிப் பார்த்தான். "அதுவும் நகந்துச்சு."

குணபூசணி பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். குழாயில் காற்று என்றால் இப்போது அடங்க வேண்டும். கடைசிப் பம்பும் இருமி ஓய்ந்தது. அந்தக் கட்டடத்தில் அவள் அறிந்திராத ஓர் அமைதி. ஈரச் சிமெண்டின் வாடை. அதற்கு அடியில், இன்னொரு வாடை.

டொக்.

வாசு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

டொக். டொக்.

அவசரம் இல்லை. கோபம் இல்லை. பூட்டிய வீட்டின் வெளியே நின்று, உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுகிறவனின் பொறுமை.

*

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால். பன்னீர், நாதஸ்வரம், மலாய்க் கொம்பாங் மேளம், சிங்க நடனம். எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ள இடம் வைக்கவில்லை. பிடித்து வந்த மீன்கள் பின்பக்கப் பீப்பாய்களில் காத்திருந்தன. அவற்றை விட முடியாது என்று குணபூசணி கதறியும், கடைசி நிமிடத்தில் கொட்டச் சொல்லி உத்தரவு. திரை விலகும்போது வாசு கண்ணாடியருகே மிதந்து விருந்தினருக்குக் கையசைக்க வேண்டும் என்று இன்னோர் உத்தரவு.

குணபூசணி இரண்டையும் செய்யவில்லை. பின்வாசலுக்குப் போனாள்.

"வாங்க அக்கா."

"எங்க மிஸ்?"

"உள்ள."

"கோயிந்தா, வேலை போச்சு," என்றார் காவலாளி, தடுக்காமல். யாருடைய வேலை என்று சொல்லவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் தனலெட்சுமியை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமசுப்பிரமணியன் மேடையில் கடலைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதைபோலப் பேசினார். அவருக்கு நீந்தத் தெரியாது. தான் ஸ்ரீ பொத்தானை அழுத்தினார். வெல்வெட் திரை விலகியது.

பால் கலந்தது போன்ற நீர். நீல வெளிச்சம். தூரத்தில் பாறையின் கரிய உருவம்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தான்.

மெல்ல வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். முகம் தெளியவில்லை. கை உயர்ந்தது.

அரங்கமே கைதட்டியது. தான் ஸ்ரீ கையசைத்தார். அவர் மனைவி கையசைத்தார். வங்கிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், சிங்கத்துக்குள் இருந்த இருவர், எல்லோரும் கையசைத்தார்கள். ராமசுப்பிரமணியன் மேடையிலிருந்து இறங்கி வந்து குணபூசணியின் காதருகே குனிந்தார். "பாத்தீங்களா? சும்மா பயமுறுத்துனீங்க. வாசுவுக்கு போனஸ் போடச் சொல்றேன்."

"போஸ்," என்று மேலாளரை அழைத்தது அவருக்குப் பின்னால் ஒரு குரல்.

வாசு. தலைமுடி காய்ந்து, சட்டை மடிப்புக் கலையாமல் நின்றான்.

"நான் இறங்கவே இல்ல போஸ்."

முன்வரிசையில் தான் ஸ்ரீயின் பேரப்பிள்ளை சத்தமாகக் கேட்டது, அந்த அங்கிள் ஏன் தண்ணீருக்குள் மஞ்சள் பூட்ஸ் போட்டிருக்கிறார் என்று. காற்று உருளைகூட இல்லாமல் எவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறார் என்று தான் ஸ்ரீயின் மனைவி வியந்தார்.

தனலெட்சுமியின் விரல்கள் குணபூசணியின் கையில் இறுகின.

"அவரு கை காட்டல மிஸ்."

"அக்கா..."

"தட்டுறாரு."

நாதஸ்வரம் நின்றிருந்தது. இப்போது எல்லோருக்கும் கேட்டது.

டொக். டொக். டொக்.

தான் ஸ்ரீ மட்டும் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணி, அந்தத் தாளத்துக்கே சிறிது நேரம் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தனலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை, பெரிய இடத்து விழாக்களில் அழாமல் நடக்கும் பெண்ணை யாருக்கும் தடுக்கத் தெரியாது. பையிலிருந்து சிலிப்பரை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால், பளிங்குத் தரையில், ஜோடி சேர்த்து வைத்தாள்.

"வாங்க," என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

உயர்ந்திருந்த கை கண்ணாடியில் அப்படியே பதிந்து நின்றது. பிறகு மூட்டம் மூடிக்கொண்டது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கேமராக்கள் அவளைச் சூழ்ந்தன. நகரச் சொல்லிப் பார்த்தார்கள், நாற்காலி போட்டார்கள், மைலோ கொடுத்தார்கள். நகரவில்லை. பொழுது சாய்வதற்குள் ராமசுப்பிரமணியன் இறங்கி வந்து, தொட்டி நீரை வடித்துப் பாறையில் ஒரே ஓர் ஓட்டை போட அனுமதித்தார். ஒன்றுதான், அதற்கு மேல் கிடையாது என்று விரலால் காட்டினார்.

ஒன்று போதுமானதாக இருந்தது. தம்புசாமி பூட்ஸோடு, சிமெண்டுக் கரண்டியைப் பிடித்தபடி கிடந்தார். அடைத்த வாசலின் உட்புறச் சிமெண்ட் முழுக்கக் கொத்தப்பட்டிருந்தது. இன்னும் ஒரு கை அகலம் கொத்தியிருந்தால் வெளிச்சம் தெரிந்திருக்கும்.

விபத்து என்று முடிவானது. கிள்ளானில் தகனம். கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியது, கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் போட்டு. குணபூசணி போயிருந்தாள். புறப்படும்போது தனலெட்சுமி அவள் கையைப் பிடித்து, "இனிமே அந்த வாசலுக்கு நான் வர வேண்டியதில்ல மிஸ்" என்றாள்.

ஓட்டையை மறுபடி அடைத்தார்கள். அதற்கும் நல்ல நேரம் குறித்தார்கள். ஆனால் இந்த முறை குணபூசணி தானே அந்தக் கூட்டுக்குள் ஊர்ந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரையும் வெளியே கொண்டுவந்த பிறகே அடைக்க விட்டாள். "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு" என்று மேலாளர் அலறினார். "ஆரம்பிக்கட்டும் சார்" என்றாள். சண்டைதான். பிறகு புது நீர், புதுப் பவளம். சோதனைக் குழாய் மஞ்சளாகவே நின்றது. பவளங்கள் விரல் விரித்தன. கோமாளி மீன்கள் அவற்றுக்கிடையே குடித்தனம் வைத்தன. பெரியப்பா இலவச டிக்கெட் கேட்டார். பிள்ளைகள் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள் என்று கண்ணாடி நெடுகப் பித்தளைப் பலகைகள், நான்கு மொழிகளில்: கண்ணாடியைத் தட்டாதீர்கள்.

மறுதிறப்புக்கு முந்தின நாள் காலை, வழக்கம்போல நீரை எடுத்து மருந்து விட்டாள். மஞ்சள். குழாயைத் தாங்கியில் வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

அடியில் ஓர் இழை பச்சை. அவள் பார்க்கப் பார்க்க மேலேறியது.

பம்புகளை நிறுத்தினாள். அந்த வேலைக்கு இப்போது கை பழகியிருந்தது.

டொக்.

அடைத்த ஓட்டையின் பக்கம் இல்லை. பாறையின் மறுகோடியில் வேறொரு கூடு. யாரும் உடைக்காத பக்கம்.

டொக். டொக்.

சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஃபோர்மேன் ராதாகிருஷ்ணனைத் தேடி ஓடினாள். "அண்ணே, முதல்ல அடைச்ச அன்னிக்கு உள்ள யாரெல்லாம் இருந்தாங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யாருக்கு மிஸ் தெரியும்? பெர்மிட் இல்லாத ஆளுங்க நெறைய. காலையில லோரியில ஏத்திட்டு வருவானுங்க, பேருகூடக் கேக்க மாட்டோம். மறுநாள் வரலைன்னா வரல. அவ்வளவுதான் லா."

"யாராச்சும் தேடி வந்தாங்களா?"

"அவனுங்களையா?"

அவள் பின்வாசலுக்கு நடந்தாள். வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டதால் மரத் தட்டு காலியாகக் கிடந்தது. முழுக் காலி இல்லை. கீழ்த் தட்டின் மூலையில் ஒரு ஜோடி சிலிப்பர், சிமெண்ட் தூசி படிந்து, வாரின் நிறம்கூடத் தெரியாமல்.

உள்ளே பம்பு எதுவும் ஓடவில்லை. தட்டும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

குணபூசணி வாசலை எட்டிப் பார்த்தாள். வெயிலில் யாரும் நிற்கவில்லை.